கையெழுத்துப் போட ஒரு இன்ஜினியர்

1

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் முந்நூறு சொற்களைப் பற்றித்தான் பேச்சு. மகள் ஷீலா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிறாள். கனடாவில் மதிப்பெண் மட்டும் போதாது. கேட்கும் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய் என்று முந்நூறு சொற்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். முந்நூற்று ஒன்று ஆனால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது.

அவள் இன்ஜினியரிங் கேட்கிறாள். நான் சொல்லி அல்ல, அவளாகவே. சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டுக் கேட்கும் குமிழைச் செருகியபடி, "அம்மா, நீ ஏன் மெக்கானிக்கல் படிக்கிறே?" என்றாள்.

"படிச்சே" என்று திருத்தினேன்.

"ஓகே, படிச்சே. மெஷின்னா உனக்கு லவ்வா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன். அரிசியில் தண்ணீர் ஊற்றும்போதே சொன்னது பொய் என்று உறைத்தது. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சிறு வயதில் ரேடியோவைப் பிரித்தோம், கடிகாரத்தைப் பிரித்தோம் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் பிரித்துப் பார்க்க ரேடியோ இல்லை. எனக்கு இயந்திரங்கள் மேல் அன்று ஆசையும் இல்லை. ஒரே ஒரு இயந்திரத்தின் மேல் கோபம் இருந்தது.

2

எங்கள் அப்பா பெயர் லியோன். எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு தனியார் சரக்குக் கம்பெனியில் வின்ச் ஓட்டினார். தெற்கே புதிய துறைமுக வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆனால் பெரிய கப்பல்கள் இன்னும் கரைக்கு வரவில்லை. கடலில் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து சரக்கைத் தோணிகளில் ஏற்றி அங்கே கொண்டுபோக வேண்டும். மேடையில் அடுக்கிய மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டி, தூக்கி, தோணிக்குள் இறக்குவதுதான் அப்பாவின் வின்ச் செய்கிற வேலை. இறக்கும்போது ஒரு மிதியை மிதித்து மிதித்து விட வேண்டும். அதுதான் பிரேக்.

தோணிக்குள் நின்று வலையை வாங்குகிறவர் சூசை மாமா. சொந்த மாமா இல்லை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருந்தவர். அப்பாவுக்குச் சிறுவயதுக் கூட்டாளி, என் தம்பியை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன். "ஆரியா!" என்று அவர் குரல் கொடுத்தால் அப்பா இறக்குவார். ஆரியா என்றால் இறக்கு. எங்கள் கடற்கரையில் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்களில் அதுவும் ஒன்று.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அவர் ஆரியா சொன்னார், அப்பா இறக்கினார், பாதியில் வலை மொத்தமாக விழுந்தது. சூசை மாமாவின் இடது கால் மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று அப்பாவை யாரோ சைக்கிளில் கூட்டிவந்து விட்டார்கள். நான் அப்போது பள்ளி முடித்துக் கல்லூரியில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சுவரோரம் உட்கார்ந்தவர் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மிதிச்சேன். பிடிக்கல."

நாலு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. குமாஸ்தா அதன் சாரத்தைத் தமிழில் சொன்னாராம். வீட்டுக்கு வந்த அப்பாவின் வார்த்தை மாறியிருந்தது.

"கால் வழுக்கியிருக்கும்போல. ஈரக்காலு பாத்தியா?"

"நீங்கதான மிதிச்சேன்னு சொன்னிய?" என்றாள் அம்மா.

"மிதிச்சேன்னுதான் நெனச்சேன். இன்ஜினியர் பாத்து எழுதியிருக்காருல்லா. அவருக்குத் தெரியாதா?"

அதன்பின் அப்பாவை வின்ச்சில் ஏற்றவில்லை. சரக்கு வைக்கும் கிட்டங்கி வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள். அவர் அதைத் தண்டனையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மிதியில் இனிமேல் கால் வைக்க வேண்டாம் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனார். வார்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டார். பூசை முடிந்து வரும்போது சூசை மாமாவின் மனைவி மரியம்மை அத்தை, கோயில் முற்றத்தில் பலர் பார்க்க அப்பாவைக் காட்டி, "எம்புருசன் காலத் தின்னுட்டு நல்லா நடந்துதான் போறாவ" என்றாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சூசை மாமா குடும்பம் அத்தையின் ஊரான புன்னைக்காயலுக்குப் போய்விட்டது.

3

கம்பெனி கொடுத்த தாளின் கார்பன் நகல் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அம்மா துவைக்க எடுத்தபோது என்னிடம் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம். கல்லூரி நூலகத்து அகராதியை வைத்துப் படித்தேன். ஓட்டுநரின் கவனக்குறைவால் கால் மிதியிலிருந்து நழுவியது, இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது, இவ்வளவுதான். கீழே இன்ஜினியரின் கையெழுத்து. அதற்கும் கீழே அப்பாவின் கையெழுத்து, தமிழில்.

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் அப்பா கவனக்குறைவானவர் இல்லை என்பது மட்டும் காரணமில்லை. தான் செய்ததைப் பற்றித் தனக்கே தெரியாது, தாளுக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பிவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சரக்குமேடைக்குப் போனேன். வாசலில் காவலிருந்த அண்ணாச்சி, "என்ன தாயி, இங்கன வார?" என்றார்.

"அப்பா துண்ட இங்கன விட்டுட்டுப் போயிட்டாவளாம் அண்ணாச்சி."

"சட்டுனு பாத்துட்டு வந்துரு."

வின்ச் தார்ப்பாயின் கீழ் இருந்தது. அப்போது எனக்கு இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண் தெரியும். மிதியிலிருந்து ஒரு கம்பி போகிறது. அது ஓர் இரும்புப் பட்டையை இழுக்கிறது. பட்டை, கயிறு சுற்றும் உருளையை இறுக்கிப் பிடிக்கிறது. பட்டையின் மறுமுனையை ஒரு தடித்த இரும்பு முளை நிலையாகப் பிடித்திருக்கிறது. மிதி, கம்பி, பட்டை, உருளை எல்லாம் துருவும் கறுத்த கிரீசுமாக இருந்தன. அந்த முளை மட்டும் புத்தம் புதியது. பளபளவென்று இருந்தது.

குனிந்து அடியில் கிரீசுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒடிந்த போல்ட் துண்டு ஒன்று கிடைத்தது. புதிய முளை என் பெருவிரலைவிடத் தடிமன். இந்தப் போல்ட் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. தடித்த முளை இருக்க வேண்டிய இடத்தில் கைக்குக் கிடைத்த போல்ட்டைச் செருகி ஓட்டியிருக்கிறார்கள். அது ஒடிந்திருக்கிறது. முளை போனால் பட்டை பிடிக்காது. அப்பா எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. விபத்துக்குப் பிறகு யாரோ சரியான முளையைப் போட்டுவிட்டுத்தான் இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, போல்ட் துண்டைத் தாவணிக்குள் சுருட்டி எடுத்துவந்தேன். அம்மா பாவாடைக் கறையைப் பார்த்துத் திட்டினாள்.

4

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயந்து போல்ட் துண்டைக் கடலில் எறிந்திருப்பார். போல்ட்டை ரூலை வைத்து அளந்து, வின்ச்சின் பிரேக்கைப் பார்த்த நினைவில் நோட்டுத் தாளில் படமாக வரைந்தேன். விபத்துக் கோப்பைப் பார்க்கும் அதிகாரி திருநெல்வேலியில் இருந்தார். கல்லூரியில் விசேஷ வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னார். படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். போல்ட் துண்டைக் கையில் வாங்கி உருட்டினார்.

"இதை நீயா வரைஞ்சே?"

"ஆமா சார்."

"நீ சொல்றது நிஜமாக்கூட இருக்கலாம்மா. ஆனா நான் சட்டம் படிச்சவன். எனக்கு வின்ச் தெரியாது. கம்பெனி இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்கு எதிரா ஒரு பி.யு.சி. பொண்ணோட நோட்டுப் பேப்பரை வைக்க முடியுமா? ஒரு இன்ஜினியர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஃபைல்ல சேர்த்துக்கறேன்."

"எங்களுக்கு இன்ஜினியர் யாரையும் தெரியாது சார்."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

தாளையும் துண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. என்னிடம் உண்மை இருந்தது. கையெழுத்து இல்லை. திரும்பி வரும்போது பஸ் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் நின்றது. ஒருவர் வாழைத்தார்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் முடிவு செய்துவிட்டேன். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு இன்ஜினியர் தேவைப்பட்டார். யாரும் கிடைக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "கன்னியாஸ்திரிமார்ட்ட சொல்லி டீச்சர் டிரெயினிங்குக்கு எடம் கேட்டு வச்சிருக்கேன்லா. இது என்னளா புதுசா?" என்றாள்.

அப்பா மட்டும் கேட்டார், "எதுக்குளா உனக்கு இரும்பு வேல?"

"சும்மாதான்பா."

சென்னையில் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இன்ஜினியரிங் என்று கேட்டார்கள். நாட்டின் தொழில் வளர்ச்சியில் பங்கு கொள்ள, என்று மனப்பாடம் செய்ததை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அதுவரை சரி. மெக்கானிக்கல் வேண்டும் என்றதும் நடுவிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டறையில நின்னு என்னம்மா செய்வே? எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கோ. உட்கார்ந்து பார்க்கற வேலை."

"எனக்கு பிரேக் படிக்கணும் சார்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். இடம் கொடுத்தார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஐந்து வருஷம், என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

5

கனடாவுக்கு நாங்கள் வந்தது கணவரின் அண்ணன் கூப்பிட்டதால். இங்கே இறங்கிய முதல் மாதமே தெரிந்துபோயிற்று, என் பட்டம் இங்கே ஒரு தாள். உரிமம் வாங்காமல் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். ஐந்து வருஷப் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு அனுப்பச் சொன்னார்கள். கல்லூரிக்கு எழுதினேன். என்னுடைய கோரிக்கைக் கடிதத்தையே முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். பாடத்திட்டம் வந்து சேர ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போயிற்று. அதுவரை ஒரு அலுவலகத்தில் மற்றவர்கள் கணக்குப் போட்டதற்குப் படம் வரைந்து கொடுத்தேன். பிறகு பரீட்சைகள். பிறகு உரிமம் உள்ள ஒருவரின் கீழ் அனுபவம். பெயரில் வேறு தகராறு. இவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். சான்றிதழில் என் பெயரோடு இருப்பது அப்பாவின் பெயர். அதுவே இருக்கட்டும் என்று விட்டார்கள். ஆகவே வேலையிடத்தில் எல்லோரும் என்னை மிஸஸ் லியோன் என்கிறார்கள். எங்கள் அம்மாவைக் கூப்பிடுவது போலிருக்கும்.

இரும்பு ஆலைகளிலும் ஏரிக்கரைத் துறைமுகத்திலும் பாரம் தூக்கும் இயந்திரங்களைப் பரிசோதிப்பது என் வேலை. முதன்முதலில் ஒரு கிரேனைச் சோதித்த அன்று, மேலே இருக்கும் ஓட்டுநரிடம் இறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பதற்றத்தில் ஆங்கிலம் வாயில் வரவில்லை. "ஆரியா!" என்று கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த மேற்பார்வையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேலே இருந்தவர் அமைதியாக இறக்கினார். கீழே வந்ததும் நேராக என்னிடம் வந்து, நீ போர்ச்சுகலா என்று கேட்டார். அவர் பெயர் மனுவேல், போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுக்காரர். என் முகத்தையும் நிறத்தையும் பார்த்து அவருக்கு விளங்கவில்லை. தூத்துக்குடி என்றேன். அதுவும் விளங்கவில்லை. அவர் பணி ஓய்வு பெறும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டது ஆரியா என்றுதான்.

கனடாவில் நடந்த இவ்வளவும் ஷீலாவுக்குத் தெரியும். ஆனால் அரிசி களைந்த அன்றுதான் அந்த விபத்தையும் திருநெல்வேலி அதிகாரியையும் பற்றிச் சொன்னேன். காதிலிருந்த குமிழைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிது.

"ஸோ, அந்த ஆஃபீஸர்தான் வில்லன்."

"இல்ல. நல்லவரு."

"எனக்குப் புரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை நான் எழுதலாமா? என் அம்மாவோட கதைன்னு?"

"அது என் காரணம். நீ உன்னோடத எழுது."

அவள் முகம் சுருங்கிற்று. இரண்டு நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. பிறகு எழுதியதைக் காட்டினாள். இங்கே ஏரிக்கும் துறைமுகத்துக்கும் இடையில் ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. கப்பல் வந்தால் சாலையே மேலே போகும். சிறுமியாகக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்காக, ஒவ்வொரு தடவையும் கப்பல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளாம். நானோ அந்த இடத்தில் வண்டி நின்றால் வேலைக்கு நேரமாகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள். பின்னிருக்கையில் ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள். ஒன்றையும் நான் திருத்தவில்லை.

6

கதையின் மீதியை அவள் கேட்கவில்லை, ஹாக்கிப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐந்தாம் வருஷப் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்ததும் செய்த முதல் வேலை, பழைய படத்தையும் போல்ட் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது. அந்தப் பாரத்தை அந்தப் போல்ட் தாங்காது. அதன் கிட்டேகூட வராது. அத்தனை நாள் ஒடியாமல் இருந்ததுதான் ஆச்சரியம். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த வாரம் இரண்டு பக்க அறிக்கையாக எழுதி, பெயருக்குப் பின்னால் பி.இ. போட்டு, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு வரியில் பதில் வந்தது. கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது.

தபாலை வாங்கியது அப்பா. அப்போது அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். புதிய துறைமுகத்தில் கப்பல்கள் நேராகக் கரையில் கட்டத் தொடங்கியிருந்தன. எங்கள் பக்கத்து மேடையில் அவ்வளவு வேலை இல்லை.

"சர்க்கார் கவரு வந்திருக்கு. என்னளா இது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சரக்குமேடைக்குப் போனது, முளை, போல்ட், அதிகாரி, கணக்கு. அறிக்கையைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.  முடிந்ததும் அப்பா போல்ட் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப என் கால் வழுக்கலயா?"

"இல்லப்பா."

"நீ எம்பிள்ளைங்கதுனால சொல்லுதியா? இல்ல இன்ஜினியரா சொல்லுதியா?"

"இன்ஜினியராத்தான் சொல்லுதேன்."

உள்ளே போய்ப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "வா. நீயும் வா. நான் தனியாப் போயிச் சொன்னா சூசை நம்பமாட்டான்."

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, ஆத்தூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் புன்னைக்காயல் போனோம். ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அப்பா அந்தப் பக்கம் ஆறு வருஷமாகப் போகவில்லை. வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

சூசை மாமா வீட்டுக்குள் பாய் தைத்துக்கொண்டிருந்தார், தோணிப் பாய். நரைத்திருந்தார். கட்டைக்கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். மரியம்மை அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

அப்பா நின்றுகொண்டே, "சூசை, எம்மவ இன்ஜினியரு. அவ ஒண்ணு படிப்பா, நீ கேளு" என்றார்.

நான் படித்தேன்.  கணக்கு வரும் இடத்தைத் தாண்டும்போதே சூசை மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் தாயி. இதுல நீ சொல்லுத முளை கிளையெல்லாம் எனக்குத் தெரியாது." அப்பாவைப் பார்த்தார். "ஏலே லியோன். நான் கீழ நின்னு மேலதானல பாத்துக்கிட்டு நின்னேன். வல இறங்கும்போது வேற எங்கனல பாப்பேன்? நீ எந்திரிச்சு நின்னு ரெண்டு காலாலயும் மிதிச்ச. எங்கண்ணால பாத்தேன்."

 "பொறவு ஏம்ல சொல்லல?" என்றார் அப்பா.

"யாருட்டச் சொல்ல? ஆஸ்பத்திரில கெடந்தேன், ஒருத்தனும் வந்து கேக்கல. நீ வருவ, சொல்லலாம்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீ எங்கல வந்த?"

 ஒருத்தனும் வந்து கேட்கவில்லை என்றாரே, அந்தக் கணக்கில் நானும் உண்டு. பதினேழு வயதில் பொய் சொல்லி மேடைக்குள் நுழைந்தவளுக்கு, கிரீசுக்குள் விரலை விட்டுத் தேடியவளுக்கு, நேர்கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்த ஆளிடம் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஐந்து வருஷம் படித்தும் தோன்றவில்லை. என் அறிக்கையில் இரண்டு பக்கமும் கணக்குத்தான். பார்த்தவர் சொன்னது என்று ஒரு வரி இல்லை. இன்று எந்த விபத்துக்குக் கூப்பிட்டாலும் நான் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற ஆட்களைத்தான் தேடிப் போகிறேன். அவர்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் முடிக்கும்வரை கேட்கிறேன். மேலதிகாரிகளுக்கு அது நேர விரயம். எனக்கு அதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

அப்பா தரையில் உட்கார்ந்தார்.  சூசை மாமா பாயை ஒதுக்கி அவருக்கு இடம் விட்டார்.  அப்பா பாயின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "நூலு எங்கன வாங்குத?" என்றார். சூசை மாமா பதில் சொன்னார்.

மரியம்மை அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏளா, அவிய பேசட்டும். நீ வந்து தேங்காயத் திருவு. குழம்புக்கு ஆள் கூடிப்போச்சுல்லா."

போனேன். அடுப்படியிலிருந்து பார்த்தால் ரோடு தெரிந்தது. மூன்று மணி பஸ் வந்து திரும்பிப் போயிற்று. நாலரை மணி பஸ்ஸும் போயிற்று. அப்பா எழுந்திருக்கவில்லை.